இங்கிலாந்தில் போர்க்கால விமானத்தள அருங்காட்சியகம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதல் மின்னஞ்சலை அனுப்பியது ஒரு ஜூலை மாதத்தில். கையில் துடைப்பத்தோடு கோபுரத்துக்குள் நுழைந்தது அடுத்த பிப்ரவரியில். நடுவில் போன ஏழு மாதங்களில் ஐந்து மாதமாவது என் அறியாமையால் வீணானது. தவறான பருவத்தில் எழுதினேன், தவறான ஷேர் கோட் (விசா நிலையைப் பிறருக்குக் காட்டும் இணையக் குறியீடு) கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினேன். அந்த ஐந்து மாதத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு இங்கிலாந்தில், குறிப்பாக நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க எட்டாம் விமானப்படை குண்டுவீச்சு விமானங்களை இயக்கிய தளங்கள் ஏராளம். ஓடுதளங்களைப் பெயர்த்து வயலாக்கிவிட்டார்கள். ஆனால் சில இடங்களில் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் மட்டும் கோதுமை வயல் நடுவே நிற்கும். உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து அதைச் செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருப்பார்கள். தார்ப் அபாட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 100ஆவது குண்டுவீச்சுப் பிரிவு இருந்த தளம் அது. 1977இல் தன்னார்வலர்கள் கையில் எடுத்து, 1981இல் திறந்தார்கள். பார்ஹம், சீத்திங் கோபுரங்களும் இதே வகைதான். யார்க் நகரத்துக்கு அருகே எல்விங்டனில் இருப்பது பெரிய நிறுவனம். சம்பள ஊழியர்களும் உண்டு. நான் இங்கே பேசுவது சின்ன இடங்களைப் பற்றி. பத்திருபது பேர், ஒரு கெட்டில், ஒரு கொத்துச் சாவி, அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று பலர் கேட்டார்கள். என் ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். அங்கேயும் அதே போருக்குப் போட்ட ஓடுதளம் ஒன்று வெயிலில் கிடக்கிறது. அதில்தான் சைக்கிள் பழகினேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. ஆசைக்கு முன்னால் பஸ்ஸைப் பாருங்கள்

வரைபடத்தில் அருங்காட்சியகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நம்பாதீர்கள். விமானத்தளத்தை யாரும் ஊருக்குள் கட்ட மாட்டார்கள். தார்ப் அபாட்ஸுக்கு அருகே உள்ள நிலையம் டிஸ். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாரிச் போகும் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இதுவரை சுகம்தான். அங்கிருந்து ஐந்தாறு மைல் கிராமச் சாலை. இது போன்ற சாலைகளில் நடைபாதை இருக்காது. இருபக்கமும் வேலிச்செடி, டிராக்டர் வந்தால் செடிக்குள் ஒதுங்க வேண்டியதுதான்.

இத்தகைய இடங்கள் திறந்திருப்பது பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில். கிராமத்துப் பஸ்ஸோ ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் கூடும் நாள் எது? அந்த நாளில் கடைசிப் பஸ் எப்போது? அதைத் தவறவிட்டால் டாக்சி கிடைக்குமா? சின்ன ஊர்களில் டாக்சியை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கையைக் காட்டினால் நிற்காது.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவது எனக்கு ஒத்துவந்தது. சில ரயில்களில் அதற்கும் முன்பதிவு தேவைப்படும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் இருந்தால் கவலை இல்லை, ஆனால் உரிமத்தைக் கவனியுங்கள். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதன் பிறகு இங்கத்திய உரிமம் வேண்டும். பழகுநருக்கான தற்காலிக உரிமத்துக்கு இணையத்தில் 34 பவுண்டு, எழுத்துத் தேர்வு 23, வார நாளில் ஓட்டுத் தேர்வு 62. கட்டணத்தைவிடத் தேர்வுத் தேதி கிடைப்பதுதான் பாடு. மாதக்கணக்கில் காக்க வேண்டியிருக்கும்.

2. அது பதிவுபெற்ற அறக்கட்டளையா என்று பாருங்கள்

இதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு தகவலில்தான் பல விஷயங்கள் தொங்குகின்றன.

இங்கிலாந்து, வேல்ஸுக்கான அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு எண், அறங்காவலர்கள், கடைசி ஆண்டுக் கணக்கு எல்லாம் வரும். அருங்காட்சியகத்தின் பெயரில் தேடி எதுவும் வராவிட்டால் பதற வேண்டாம். பதிவு வேறு பெயரில் இருக்கலாம். குண்டுவீச்சுப் பிரிவின் எண்ணையோ 'நினைவு அறக்கட்டளை' என்ற பெயரையோ போட்டுப் பாருங்கள்.

ஒரு பொறி உண்டு. ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் குறைவான சின்ன அறக்கட்டளைகள் பல, பதிவு செய்யாமலே சட்டப்படி இயங்கலாம். அவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். ஆனால் நீங்கள் சுற்றுலா விசாவில் வந்திருந்தால் அங்கே சேர முடியாது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

3. உங்கள் விசா என்ன சொல்கிறது

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. விதிகளும் அடிக்கடி மாறும். கையெழுத்துப் போடும் முன் அரசு இணையதளத்தில் உங்கள் விசாவின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மாணவர் விசா: குடிவரவு விதி இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று 'வாலன்டியரிங்', இன்னொன்று 'வாலன்டரி வொர்க்'. தமிழில் இரண்டையும் தன்னார்வப் பணி என்றுதான் சொல்வோம். அங்கேதான் ஆபத்து. முதலாவதில் ஒப்பந்தம் கிடையாது. இந்த நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சம்பள ஊழியர் ஒருவரின் இடத்தை நீங்கள் நிரப்பக் கூடாது. பயணம், சாப்பாடு போன்ற நியாயமான செலவைத் தவிர எதுவும் வாங்கக் கூடாது. இப்படி இருந்தால் அது வேலைக் கணக்கில் வராது. இரண்டாவது வகையோ, சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைதான். பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் உள்ள வாரம் 20 மணி நேர வரம்புக்குள் அது வந்துவிடும். ஏற்கெனவே சூப்பர் மார்க்கெட்டில் 20 மணி நேரம் முடித்துவிட்ட பையன், சனிக்கிழமை கோபுரத்தில் ஆறு மணி நேரம் அப்படி நின்றால் விதி மீறல்.

எனவே அவர்கள் நீட்டும் தாளை வாசியுங்கள். 'ஒப்பந்தம்', 'கட்டாய நேரம்', 'விடுப்புக்கு அனுமதி' போன்ற சொற்கள் இருந்தால் கேளுங்கள். பல இடங்களில் அந்தப் படிவத்தை யாரோ ஒரு காலத்தில் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்கள்; நீங்கள் காரணத்தைச் சொன்னால் மாற்றித் தருவார்கள். எனக்கு மாற்றித் தந்தார்கள். கூடவே உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறன் பணியாளர் விசா: சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கு அனுமதி உண்டு. ஆனால் உங்கள் நிறுவனத்தோடு போட்ட பணி ஒப்பந்தத்தில் 'வெளிப் பணிகளுக்கு முன் அனுமதி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுலா விசா: பிள்ளைகளைப் பார்க்க வந்து மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு இது நல்ல செய்தி. பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம். பதிவுபெற்றது என்பதையும் மொத்தம் என்பதையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் போனால் இந்த வரம்பைத் தொடவே மாட்டீர்கள். ஆனால் விமான நிலையத்தில் 'எதற்கு வந்தீர்கள்' என்று கேட்டால் மகனைப் பார்க்க வந்தேன் என்ற உண்மையைச் சொல்லுங்கள். அதுதானே முதல் காரணம்?

புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள்: ஈழத்திலிருந்து வந்து முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள், எதுவுமே செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சம்பள வேலைக்குத் தடை இருந்தாலும் அறக்கட்டளைக்குத் தன்னார்வலராக உதவத் தடையில்லை. அங்கேயும் மேலே சொன்ன இரண்டு சொற்களின் வேறுபாடு பொருந்தும். உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஏஆர்சி அட்டையை (புகலிடம் கோருவோரின் அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து ஷேர் கோட். விசா நிலையைக் காட்டிய பழைய பிளாஸ்டிக் பிஆர்பி அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டன. இப்போது எல்லாம் ஈ-விசா. தன்னார்வலரின் குடிவரவு நிலையைச் சோதிக்கச் சின்ன அருங்காட்சியகத்துக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பயத்தில் சிலர் கேட்பார்கள். கோட் எடுக்கும்போது 'எதற்காக' என்று இணையதளம் கேட்கும். நான் 'வேலை' என்று தேர்ந்தெடுத்தேன். டபிள்யூவில் தொடங்கும் கோட் வந்தது. அந்தப் பக்கத்தில் 'வாரம் 20 மணி நேரம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்துச் செயலாளர் மிரண்டுபோய், விளக்கம் கேட்டு யார் யாருக்கோ எழுதினார். ஆறு வாரம் போயிற்று. நீங்கள் 'வேறு காரணம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்ஸில் தொடங்கும் கோட் வரும். அது 90 நாளுக்குச் செல்லும்.

4. நவம்பரில் எழுதுங்கள், ஜூலையில் வேண்டாம்

இந்த அருங்காட்சியகங்கள் பொதுவாக மார்ச், ஏப்ரல் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடும். கோடையில் மின்னஞ்சல் பெட்டியைப் பார்க்கும் ஆள்தான் வாசலில் சீட்டுக் கொடுப்பார், தேநீர் போடுவார், கழிவறை அடைப்பையும் எடுப்பார். ஜூலையில் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததற்கு இனவெறி, அலட்சியம் என்று என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மூடிய மாதங்களில்தான் வண்ணம் பூசுதல், சன்னல் வேலை, காட்சிப் பெட்டி மாற்றுதல் எல்லாம் நடக்கும். ஆள் தேவைப்படும் நேரம் அது; பேச நேரம் இருக்கும் காலமும் அதுதான். நவம்பரில் எழுதி ஜனவரியில் சேர்ந்தால், கதவு திறக்கும்போது உங்களுக்கு இடம் பழகியிருக்கும்.

கடிதத்தில் நாலே விஷயம் போதும்: எங்கே இருக்கிறீர்கள், எந்த நாள் வர முடியும், எத்தனை மாதம் இந்த ஊரில் இருப்பீர்கள், கையால் என்ன செய்யத் தெரியும். சுயவிவரக் குறிப்பை இணைக்காதீர்கள். நான் இரண்டு பக்க பிடிஎஃப் இணைத்தேன். வேலை கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். விமானங்களைப் பற்றிய உங்கள் அறிவையும் காட்ட வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு அது வேண்டிய அளவு உண்டு. ஏணியில் ஏறுபவர், வயரிங் தெரிந்தவர், கணினியில் பட்டியல் அடிப்பவர், இவர்கள்தான் குறைவு.

5. படிவங்களுக்கு முன் ஒருமுறை நேரில் போங்கள்

பார்வையாளராகப் போய், நன்கொடைப் பெட்டியில் ஏதாவது போட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தேநீர் மேஜையில் உட்காருங்கள். அங்கேதான் எல்லாம் முடிவாகிறது. எல்லோரும் அறுபது எழுபது வயதுக்காரர்கள். நான் வாய்தவறி 'சார்' என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் நாக்கு எழவில்லை.

ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டால் உதவும். அமெரிக்கர்கள் கன்ட்ரோல் டவர் என்று சொன்னதைப் பிரிட்டிஷ் விமானப்படை ஆவணங்கள் 'வாட்ச் ஆபீஸ்' என்று சொல்லும். கட்டட வகையை வரைபட எண்ணால் குறிப்பார்கள். '343/43' என்று யாராவது சொன்னால் அது தொலைபேசி எண் அல்ல. 1943ஆம் ஆண்டின் 343ஆவது வரைபடம், சின்ன சன்னல்கள் வைத்த வகை. முதல் நாள் இது தெரியாமல் நான் குறிப்பேட்டில் எண்ணை எழுதிக்கொண்டு யாருக்குப் பேச வேண்டும் என்று கேட்டேன்.

6. படிவங்கள், பரிந்துரை, டிபிஎஸ்

வழக்கமாகக் கேட்பவை: விண்ணப்பப் படிவம், முகவரிச் சான்று, அவசரத் தொடர்பு, உடல்நலக் குறிப்பு, இரண்டு பேரின் பரிந்துரை. பரிந்துரை தருபவர் உறவினராக இருக்கக் கூடாது. ஊரிலிருக்கும் பேராசிரியரைக் கொடுத்தால் பதில் தாமதமாகும். இங்கே உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர், மேலாளர், கோயில் நிர்வாகி யாராவது ஒருவரைக் கொடுங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நம் ஆட்கள் எடுக்க மாட்டார்கள்.

டிபிஎஸ் என்பது குற்றப் பின்னணிச் சோதனை. பள்ளிப் பிள்ளைகள் வரும் இடமென்றால் கேட்கக்கூடும். உயர்நிலைச் சோதனைகள் தன்னார்வலருக்கு இலவசம். ஆனால் எல்லாப் பணிக்கும் அவற்றைக் கேட்கச் சட்டம் இடம் தராது. அடிப்படைச் சோதனைக்குத் தன்னார்வலர் சலுகை கிடையாது, 21.50 பவுண்டு. யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டு முகவரிகள் தேதியோடு வேண்டும். இங்கே வந்ததிலிருந்து நாலு அறை மாறியவர்கள் வாடகைத் தாள்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. செலவுக் கணக்கு

சேரக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். நண்பர் குழு உறுப்பினர் சந்தா என்று ஆண்டுக்கு ஏதோ ஒரு தொகை இருக்கலாம். தன்னார்வலராக அது பெரும்பாலும் கட்டாயமில்லை.

உண்மையான செலவு பயணம்தான். 16-25 ரயில்கார்டு 35 பவுண்டு, பெரும்பாலான சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாதம் இரண்டு முறை போனாலே போட்ட பணம் திரும்பிவிடும். பஸ்ஸுக்கு, நான் எழுதும்போது, இங்கிலாந்தில் ஒருவழிக் கட்டண உச்சவரம்பு 3 பவுண்டு. பயணச் செலவைத் திருப்பித் தருகிற இடமென்றால் ரசீதை எடுத்து வையுங்கள். காருக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரை வாங்கினால் வரிப் பிரச்சினை இல்லை. 'செலவுக்கு வைத்துக்கொள்' என்று ரசீது இல்லாமல் மொத்தமாகக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். செலவைத் தாண்டிய ஒவ்வொரு பவுண்டும் விசா பார்வையில் சம்பளம்.

இரும்பு முனை வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்குங்கள். கனமான கையுறை, தலையில் போடக் கம்பளித் தொப்பி. கோபுரத்தில் வெப்பமூட்டி இருக்காது, இருந்தாலும் செலவுக்கு அஞ்சிப் போட மாட்டார்கள். ஜனவரியில் கான்கிரீட் தரையின் குளிர் செருப்பைத் தாண்டி எலும்பில் ஏறும். இரண்டு ஜோடிக் காலுறை.

8. தொடும் முன் கேட்க வேண்டியவை

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்): பழைய குடில்களின் நெளிகூரை, குழாய்ச் சுற்று இவற்றில் கல்நார் இருக்கலாம். பிரிட்டனில் அதை முழுமையாகத் தடைசெய்தது 1999இல்தான். கட்டடத்தின் கல்நார் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று பதில் வந்தால் அந்த இடத்தில் துளையிடும் வேலைக்குப் போகாதீர்கள்.

ஈய வண்ணம்: பழைய வண்ணத்தை உலர வைத்துத் தேய்க்கக் கூடாது. நனைத்துச் சுரண்ட வேண்டும், தூசி தடுக்கும் எஃப்எஃப்பி3 முகமூடியோடு. அந்த முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. என் தாடி விஷயத்தில் சமரசமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் குளிர்காலம் முழுக்கத் தூசி இல்லாத வேலைதான் எனக்கு. சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ரேடியம்: விமானக் கருவிகளின் முகப்பு எண்களில், இருட்டில் ஒளிர்வதற்காகக் கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்த வண்ணம் இருந்திருக்கும். இன்று ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. ஒளிரும் பொடிதான் கெட்டுப்போனது. ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்த கருவியைத் திறக்கவோ துடைக்கவோ கூடாது.

கட்டடம் பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதாக இருந்தால் சுவரில் ஓர் அலமாரி மாட்டுவதற்குக்கூட அனுமதி தேவைப்படலாம். அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம். கூரையில் வெளவால் இருந்தால் அதைக் கலைப்பதும் குற்றம். நல்ல எண்ணத்தில் ஒட்டடை அடிக்கக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். துருப்பிடித்த இரும்போடுதான் புழங்கப்போகிறீர்கள்.

9. முதல் மாதங்களில் என்ன கிடைக்கும்

முதலில் துடைப்பம். அடுத்து தேநீர். பிறகு சன்னல்.

சன்னல் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டச் சன்னல். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி (புட்டி) எண்பது ஆண்டில் கல்லாகியிருக்கும். உளியை வைத்து அடித்தால் கண்ணாடி போயிற்று. ஓரமாகச் சுரண்டி, விரல் நகமளவு விரிசல் விழுந்ததும் கத்தி முனையைப் படுக்க வைத்து நெம்ப வேண்டும். உள்ளே சட்டத்தில் துரு அடுக்கடுக்காக, வெந்த அப்பளம்போல உரியும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த புதுப் பட்டியை வைத்துக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்த கை எனக்கு அங்கே உதவியது; 'எங்கே கற்றாய்' என்று கேட்டார்கள். பட்டி வெளியே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் வண்ணம் பூசினால் சுருங்கிவிடும். ஒரு சட்டம் முடிக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. அந்தக் கோபுரத்தில் அப்படிப் பதினாறு சட்டங்கள்.

வழிகாட்டி வேலையை உடனே எதிர்பார்க்காதீர்கள். ஒரு பருவம் கழித்துத்தான் தருவார்கள், அது நியாயமும்கூட. பார்வையாளர்களில் சிலர் அந்தத் தளத்திலிருந்து பறந்து திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள். தவறான பெயரோ தேதியோ சொன்னால் மன்னிப்புக் கேட்டுத் தீராது.

10. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால்

நடக்கும். நீங்கள் வாசலில் தனியாக இருக்கும் நாள் பார்த்து நடக்கும். ஒருவர் பிளாஸ்டிக் பையில் சீருடைப் பொத்தான், புகைப்படம், ஏதோ ஓர் இரும்புத் துண்டு கொண்டுவந்து 'வைத்துக்கொள்ளுங்கள்' என்பார். வாங்கி அலமாரியில் வைத்தீர்களானால் பத்தாண்டு கழித்து அவர் மகன் வந்து 'அது எங்களுடையது' என்பார்.

எனவே வரவுப் படிவத்தை எடுங்கள். கொண்டுவந்தவர் பெயர், முகவரி, தேதி, பொருளின் நிலை, பிறகு முக்கியமான வரி: நன்கொடையா, இரவலா? நன்கொடை என்றால் உரிமையை மாற்றிக் கையெழுத்து. இரவல் என்றால் முடியும் தேதி கட்டாயம். 'நிரந்தர இரவல்' என்று எழுதச் சொல்வார்கள். அப்படி ஒன்றை ஏற்காதீர்கள். முடிவில்லாத இரவல் முடிவில்லாத தலைவலி. படிவத்தின் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். சேர்த்துக்கொள்வதா என்று குழுதான் முடிவு செய்யும். நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சேர்த்தாயிற்று என்றால் பொருளுக்கு எண் போடுவார்கள். எண்ணை நேராகப் பொருள்மேல் எழுதக் கூடாது. கண்ணுக்குப் படாத இடத்தில் பேரலாய்டு பி72 என்ற பிசினை மெல்லிய கோடாகத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு. பின்னாளில் கழற்ற வேண்டுமென்றால் அசிட்டோனில் கரைந்துவிடும். துணிக்கு இது ஆகாது. நாடாவில் எழுதித் தைப்பார்கள்.

இரண்டு பொருள்களை வாங்கவே கூடாது. ஒன்று, வெடிக்கும் என்று சந்தேகம் தருவது எதுவும். தொடாமல், நகர்த்தாமல், ஆட்களை விலக்கிவிட்டு அவசர எண் 999ஐ அழையுங்கள். இரண்டாவது, விமானம் விழுந்த இடத்திலிருந்து தோண்டி எடுத்த பாகம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவ விமானம் விழுந்த இடத்தைத் தோண்டப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். 'என் வயலில்தானே கிடந்தது' என்பார்கள். உரிமத்தின் பிரதியைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் பெயர், தொலைபேசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சாவி. ஒரு கட்டத்தில் உங்களிடமும் ஒரு சாவியைக் கொடுப்பார்கள். சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். விசாவோ வீடோ மாறி ஊரைவிட்டுப் போகும்போது, தபாலில் அனுப்பாமல், நேரில் போய்க் கொடுத்து, அதே வரியில் திரும்பத் தந்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை நாலு மணிக்குள் போனால் கெட்டில் சூடாக இருக்கும்.